ஆற்றை அளத்தல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நகரத்து ஆற்றில் நாற்பது பேர் ஆறு மாதமாக ஞாயிறுதோறும் குப்பை அள்ளுகிறோம். நுண்ணுயிர்க் கரைசலும் ஊற்றினோம். கருவி வாங்கிப் பகல் 2 மணிக்குச் சோதித்தோம். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 11 மில்லிகிராம்! ஆறு தேறிவிட்டதல்லவா? இனி கரையில் எந்த மரக்கன்றுகளை நடலாம்?

க.

அன்புள்ள க,

நாறும் சேற்றில் ஆறு மாதம் இறங்கி நின்ற நாற்பது பேர்மீதும் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்த ஆச்சரியக்குறியை மன்னிக்க முடியவில்லை.

30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். கருவியை ஒழுங்காக அளவுதிருத்தம் செய்திருந்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் எங்கிருந்து வந்தது? பாசியிலிருந்து. சாக்கடையின் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று கொழுத்த பாசி வெயிலில் ஆக்சிஜனைக் கக்குகிறது. இருட்டியதும் அதே பாசியும் சேற்றுப் பாக்டீரியாக்களும் சேர்ந்து அதை உறிஞ்சிவிடும். விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. காய்ச்சல்காரனின் கன்னச் சிவப்பைப் பார்த்து ஆரோக்கியம் என்கிறீர்கள்.

சூரியன் எழும் முன் போய் அளங்கள். அதே இடத்தில் பகலிலும் அளந்து, நேரத்தையும் வெப்பத்தையும் பக்கத்தில் குறியுங்கள். உங்களுடையது ஒளியைக் கொண்டு அளக்கும் கருவி இல்லையென்றால் முனையை நீருக்குள் மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் பிடித்தால் தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனை அதுவே தின்று குறைத்துக் காட்டும். மேற்பரப்போடு நின்றுவிடாமல் அடியிலும் அளக்க வேண்டும். இத்தனையும் செய்யாத அறிக்கைகள்தான் எங்கும் கிடைக்கின்றன.

கருவி அந்த நொடியை மட்டும் சொல்லும். பல வாரக் கதையைச் சொல்வது அடியில் வாழும் பூச்சிகள். ஆழமில்லாமல் சலசலத்து ஓடும் இடத்தில் வலையை நீரோட்டத்தின் கீழ்ப்புறம் பிடித்து, மூன்று நிமிடம் காலால் அடியைக் கிளறி, விழுவதை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் நிலைமை மோசம். ஹீமோகுளோபின் இருப்பதால் அவை குறைந்த ஆக்சிஜனிலும் பிழைக்கும். ரப்பர் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும்.

நுண்ணுயிர்க் கரைசல் வீண். மரக்கன்று பிறகு. அள்ளிய ஆகாயத்தாமரையைக் கரையிலேயே குவித்திருந்தால் அதை முதலில் அப்புறப்படுத்துங்கள், அழுகி அத்தனை சத்தும் ஆற்றுக்கே திரும்பும்.

மழை நின்று மூன்று நாளான பிறகும் மழைநீர் வடிகாலில் நீர் ஓடினால் அது பெரும்பாலும் கழிவுநீர்தான். அது ஆற்றில் விழும் குழாயின் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். 5 நொடியில் நிறைந்தால் நொடிக்கு 2 லிட்டர். அந்த நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் உறிஞ்சும் ஆக்சிஜன், லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றால், அந்த ஒரு குழாய் மட்டும் நாளுக்கு ஏறத்தாழ 35 கிலோ ஆக்சிஜனைக் கேட்கிறது. ஒவ்வொரு குழாய்க்கும் இப்படிக் கணக்கெடுத்து, பெரியதிலிருந்து வரிசைப்படுத்தி, இடம் குறித்த படத்தோடு நகர நிர்வாகத்திடம் கொடுங்கள். முதல் மூன்றை அடைக்கச் சொல்லி விடாமல் கேளுங்கள்.