எலி காட்டிக்கொடுக்குமா?

அன்புள்ள ஐயா,

சிக்காகோவில் நடக்கும் ஆங்கிலத் துப்பறியும் கதையொன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கொள்ளைக் கூட்டத்தில் ஒருவன் பொலிசிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். கூட்டாளி அவனை ‘ரற்’ என்கிறான். “நீ ஒரு எலி” என்று எழுதினேன். வாசித்த நண்பர், “ஏன், அவன் பயந்தாங்கொள்ளியா?” என்று கேட்டார். ‘துரோகி’ என்று மாற்றலாமா? இதே சொல் கதையில் கப்பலோடும் வேலைநிறுத்தத்தோடும் சேர்ந்து வேறு பொருளில் வருகிறது.

கே., உப்புவெளி

அன்புள்ள கே.,

நண்பர் கேட்டது சரி. தமிழ் எலி பயப்படும், நெல்லைத் தின்னும், பூனையிடம் மாட்டும், காட்டிக்கொடுக்காது. பெருச்சாளிக்கு மட்டும் ஒரு குற்றம் ஒதுக்கியிருக்கிறோம், பொதுப்பணத்தைக் கொறிப்பது. ஆங்கில எலியின் வேலை வேறு.

‘துரோகி’ வேண்டாம். எங்கள் பக்கத்தில் அது மின்கம்பத்தில் கட்டப்பட்ட உடலின் கழுத்து மட்டையில் எழுதியிருந்த சொல். நகைக்கடைக் கொள்ளைக்காரன் கூட்டாளியைத் திட்டுவதற்கு அவ்வளவு பாரம் தேவையில்லை. ‘ஒற்றன்’ என்பதும் பொருந்தாது. ஒற்றாடலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே கொடுத்தார். அது அரசு வைத்த உத்தியோகம். உங்கள் ஆள் பிடிபட்ட பிறகு வாய் திறந்தவன்.

‘தலையாட்டி’ நினைவுக்கு வந்திருக்கும். முகத்தை மூடிக்கொண்டு இருந்து, முன்னால் வரிசையாகக் கொண்டுபோகப்படுகிறவர்களில் ஆளைப் பார்த்துத் தலையை அசைத்தவன். திருகோணமலையில் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். தமிழ்நாட்டில் அதே சொல் எதற்கும் ஆமாம் போடுகிறவனைக் குறிக்கும். புத்தகம் அங்கும் போவதானால் அர்த்தமே புரண்டுவிடும். இங்கே மட்டும் என்றாலும், சிக்காகோக்காரன் வாயில் எங்கள் சுற்றிவளைப்பு வந்து உட்கார்ந்துவிடும்.

ஆகவே பெயர்ச்சொல்லைத் தேடாதீர்கள், வினையாக்குங்கள். ‘காட்டிக்கொடு’ என்ற வினை நம்மிடம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. யூதாசுக்கும் தமிழ் வேதாகமம் அதைத்தான் கொடுத்தது. “நீ ஒரு எலி” என்ற இடத்தில் “நீதானேடா எங்களைக் காட்டிக் குடுத்தனி” என்று எழுதிப் பாருங்கள். வசவு குறையாது, யார் யாரை விற்றான் என்பதும் தெரியும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘ஒன்’ அல்லது ‘அவுட்’ ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இந்த வினையே போதும். பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரிடம் சொன்னதற்கு மட்டும் இறக்கி, ‘கோள் சொன்னான்’ அல்லது ‘அள்ளி வைச்சான்’ என்று போடுங்கள். ‘எலி மணக்குது’ என்ற தொடரில் துரோகமே கிடையாது: “இதில ஏதோ வில்லங்கம் இருக்கு.”

கப்பல் விஷயம் வேறு. துறைமுகத்தில் கட்டியிருக்கும் கப்பலின் கயிறுகளில் குடைபோல வட்டத் தகடு மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைப் பிடித்து எலி ஏறாமலும் இறங்காமலும் இருக்கத்தான் அது. மூழ்கும் கப்பலை எலி முதலில் விட்டோடும் என்பது ஆங்கிலப் பேச்சு. எலி இருப்பது அடித்தட்டில், தண்ணீர் முதலில் வருவதும் அங்கேதான். பாவம், அது வேறென்ன செய்யும்! இந்தக் கைவிடலுக்கு மூதுரையில் ஆயத்தமாகவே ஒன்று இருக்கிறது: அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவை. கந்தளாய்ப் பக்கத்தில் குளம் வற்றிப் பார்த்தவர்களுக்கு எலியைவிட அந்தப் பறவை நெருக்கம். ஆனால் கதை கடலில் நடந்தால் பறவையைக் கொண்டுவராதீர்கள். “கப்பல் தாழுதெண்டதும் முதல் பாய்ஞ்சவன்” போதும். கட்சி மாறுகிறவனுக்கும் ஆங்கிலத்தில் இதே எலிதான். அவனுக்குக் ‘கட்சிதாவி’ இருக்கிறது.

வேலைநிறுத்தத்தில் வேலைக்குப் போகிறவனுக்குக் ‘கருங்காலி’ என்று தயங்காமல் எழுதுங்கள். கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் மரம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் 1990 முதல், சங்கத்தை மதிக்காத முதலாளியின் வாசலில் காற்றடைத்த பெரிய எலியை நிறுத்துகின்றன. அந்த வழக்கம் தொடங்கியதே உங்கள் கதை நடக்கும் சிக்காகோவில்தான். மறியல் காட்சியில் அது வந்தால் எலியை எலியாகவே விடுங்கள். காற்றடைத்த கருங்காலியை வாசகர் எங்கே போய்ப் பார்ப்பார்?