பேஜ்மேக்கரை விட்டுவிட்டு எப்படிப் போவது?

கேள்வி: காரைக்குடியில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பள்ளி வினாத்தாள், கோயில் நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸ். இப்போது விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது. என்னுடையது நாலாம் தலைமுறை ஐ5. அதில் 11 ஏறாது என்கிறார் சர்வீஸ் பையன். மகன் "லினக்ஸ் மின்ட் போட்டுடலாம்மா" என்கிறான். என் பாமினி ஃபைல்கள், பேஜ்மேக்கர், ஹெச்பி 1020 பிரின்டர் எல்லாம் என்ன ஆகும்?
வாசகி, காரைக்குடி

பதில்: சர்வீஸ் பையன் சொன்னது சரி. 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால், கடைக் கம்ப்யூட்டரில் கைவைக்க விடாதீர்கள்.

மகன் சொல்வதும் சரிதான். மின்ட் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் வகை இயங்குதளம். இலவசம், சுதந்திரம் எல்லாம் உண்மை. ஆனால் புரூஃப் பார்க்க வந்து நிற்கும் பெண் வீட்டாருக்கு அதைச் சொல்லிச் சமாளிக்க முடியாது. அதனால் அவசரப்படாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். அதற்குள் ஆடி வந்துவிடும். கல்யாண வேலை இல்லாத மாதம். கோயில் நோட்டீஸ் வரும்தான், அது ஒரு பக்கம்தானே.

முதல் வேலை, இருக்கும் ஹார்ட் டிஸ்கை அழிக்காமல் இருப்பது. தனியாக ஓர் எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) வாங்கி மாட்டி அதில் மின்ட்டை ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றும் நேரத்தில் பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டால், தவறான டிஸ்கைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடும் பயம் இல்லை. அதற்கும் முன்னால், பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட விட்டுப் பார்க்கலாம். டிஸ்கில் எதையும் எழுதாது.

பாமினிக்கு வருவோம். நீங்கள் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் இதுதான் சுலபம். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் ஃபைலுக்குள் இருப்பது தமிழே இல்லை. ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அதற்குத் தமிழ் முகம் தருவது எழுத்துரு மட்டும்தான். ஆகவே பாமினி எழுத்துருவை மின்ட்டில் நிறுவிவிட்டால் வேர்டு ஃபைல்கள் அதற்கு மாற்றான லிப்ரேஆபீஸில் தமிழாகவே திறக்கும், விரலும் பழைய இடத்திலேயே அடிக்கும்.

ஒரே ஒரு கண்ணி உண்டு. லிப்ரேஆபீஸ் அதை ஆங்கிலம் என்றே நினைத்துக்கொண்டு, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. பத்திரிகையில் 'அன்புடையீர்' என்று அடிப்பீர்கள், 'ஆன்புடையீர்' என்று நிற்கும். வேர்டில் இதை எப்போதோ நிறுத்தியிருப்பீர்கள், நினைவில் இருக்காது. இங்கேயும் டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் முதல் நாளே அணைத்துவிடுங்கள். மேற்கோள் குறியைத் தானாக வளைக்கும் வசதியையும் சேர்த்து அணையுங்கள்.

வினாத்தாள்களை யூனிகோடில் (ஃபைலுக்குள்ளும் தமிழாகவே பதிவாகும் முறை) லதா எழுத்துருவில் அடித்திருந்தால் அவையும் திறக்கும். ஆனால் லதா விண்டோஸோடு வருவது. அது இல்லாத இடத்தில் வேறு எழுத்துரு ஏறி, ஒரு பக்க வினாத்தாள் அடுத்த பக்கத்துக்கு வழியலாம். பள்ளிக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்பிவிடுங்கள். புதிதாக யூனிகோடில் அடிக்க, ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பில் தமிழ்99 விசைப்பலகை முறையும் இருக்கிறது, பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது.

பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் விஷயத்தில் ஆறுதல் சொல்ல மாட்டேன். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதோடு அதன் நிறுவனமான அடோபி, இன்டிசைன் என்ற தன் இன்னொரு மென்பொருள் பக்கம் போய்விட்டது. லிப்ரேஆபீஸ் டிரா பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும் என்பது உண்மை. பார்டரும் படமும் வைத்த இடத்தில் இருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். பழைய டிஸ்கை வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். போன வருஷப் பத்திரிகையையே பெயர் மாற்றிக் கேட்பவர் வந்தால், நெட் கேபிளை உருவிவிட்டு விண்டோஸில் போய் முடித்துவிட்டு வாருங்கள். புதிய வேலைகளை ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஆரம்பியுங்கள். பதிப்பு 1.6 அல்லது அதற்குப் பிந்தையதா என்று பாருங்கள், பழைய 1.4-ல் யூனிகோடு தமிழ் ஒழுங்காக அமையாது, கொம்பும் எழுத்தும் இடம் மாறி நிற்கும். அச்சகத்துக்குத் தேவையான நான்கு வண்ண பிடிஎஃப்பும் அதிலேயே எடுக்கலாம்.

ஹெச்பி 1020-க்கு ஒரு வினோத குணம் உண்டு. தன்னை இயக்கும் நிரலை அது தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அனுப்ப வேண்டும். லினக்ஸில் ஹெச்பி பிரின்டர்களை இயக்கும் ஹெச்பிஎல்ஐபி என்ற மென்பொருள் இருந்தாலும், அதற்கான பிளக்-இன்னைத் தனியாக இறக்கினால்தான் வேலை செய்யும். மகனை முதல் நாளே ஹெச்பி-செட்டப் என்ற கட்டளையை ஓட்டி அதை முடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிரின்டர் பட்டியலில் பெயர் இருக்கும், பேப்பர் நகராது.

உங்கள் கடைக்கு ஓர் உபரி லாபமும் உண்டு. வாடிக்கையாளர் பென்டிரைவில் வரும் ஷார்ட்கட் வைரஸ் மின்ட்டில் ஓடாது. அது ஒளித்துவைத்த ஃபைல்களும் பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். 'எல்லாம் போச்சு' என்று வருபவருக்கு எடுத்துக் கொடுத்து நல்ல பெயர் வாங்கலாம்.

எக்ஸ்பிக்கு ஆதரவு நின்ற 2014-ல் நான் மாறினேன். கட்டளை, டெர்மினல் எதுவும் படுத்தவில்லை. சும்மா இருக்கும்போது ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ் தேடும் விரலை அடக்கத்தான் நாளானது.

கேள்வி: பேத்திக்குப் பள்ளியில் கொடுத்த பழைய அரசு லேப்டாப்பில் ஆன் செய்ததும் 'பாஸ்' என்று ஒன்று கேட்கிறது. அது என்ன? வைத்துக்கொள்ளலாமா? ராம் 2 ஜிபி.
வாசகர், திருவாரூர்

பதில்: அதுவும் லினக்ஸ்தான். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது. உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு, அதை வைத்துக்கொண்டு நெட் பக்கம் போக வேண்டாம். படங்களை எடுத்து வைத்துக்கொண்டு மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். ராமை 4 ஜிபி ஆக்க வழி இருந்தால் ஆக்கிவிட்டு, கையோடு ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டியும் மாட்டுங்கள். யூடியூபுக்கும் கடிதம் அடிக்கவும் போதும்; வீடியோ எடிட்டிங் என்று பேத்தி கேட்டால் புதுசு வாங்கிக் கொடுங்கள்.