மரபணு மாற்றிய செல்கள் வந்துவிட்டனவே, இன்சுலினை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஏழு வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய், தினமும் நான்கு ஊசி. ஸ்வீடனில் மரபணு மாற்றிய செல்களைக் கையில் செலுத்தி ஒருவரைக் குணப்படுத்திவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. அதே மாதிரி ஸ்டெம் செல் சிகிச்சை இங்கேயே செய்கிறோம் என்று ஒரு கிளினிக்கில் சில லட்சம் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். ஸ்வீடன் செய்தி உண்மைதான். ‘குணப்படுத்திவிட்டார்கள்’ என்பதுதான் யாரோ சேர்த்துவிட்டது.

இறந்தவர்களின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் திட்டுகளைப் பிரித்தெடுத்து நோயாளிக்குச் செலுத்துவது புதிதல்ல. கனடாவின் எட்மன்டனில் ஏழு பேருக்கு அப்படிச் செய்து, ஏழு பேருமே இன்சுலின் ஊசியை விட்ட செய்தி 2000-இல் வந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்நியச் செல் என்று உடம்பு தாக்கும். போதாததற்கு, டைப் 1 நோயாளியின் உடம்பு, இன்சுலின் சுரக்கும் தன் சொந்த பீட்டா செல்களையே அழித்துப் பழகியது. இரண்டையும் அடக்க, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளை விடாமல் சாப்பிட வேண்டும். தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, சில வகைப் புற்றுநோய் எல்லாம் அதன் கூடவே வரும். ஊசியிலிருந்து தப்பிக்க ஒரு குழந்தையை அதில் மாட்டிவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

மாத்திரை இல்லாமல் செல்களைக் காப்பாற்ற முடியுமா என்பதைத்தான் ஸ்வீடனின் உப்சாலாவில் பார்த்தார்கள். செல்லின் மேல் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. அதைப் படித்துத்தான் நம் எதிர்ப்பாற்றலின் படையான டி செல்கள் ‘இது வெளியாள்’ என்று கண்டுபிடிக்கின்றன. மரபணுவைத் திருத்தி அந்தப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் பலகையே இல்லாத வீட்டின் மீது சந்தேகப்படும் காவல்காரர்களும் நம் ரத்தத்தில் உண்டு. அவர்களுக்காக, ‘என்னைத் தின்னாதே’ என்று சொல்லும் சிடி47 என்ற புரதத்தைச் செல்லில் மிகுதியாக்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான். திருத்தம் எல்லாச் செல்லிலும் முழுமையாக விழவில்லை. திருத்தப்படாதவை, பலகை மட்டும் கழன்றவை, முழுதாகத் திருந்தியவை என்று மூன்று வகையும் கலந்தே உள்ளே போயின. முதல் இரண்டு வகையையும் உடம்பு தாக்கியது. மூன்றாவது வகையை விட்டுவிட்டது. ஒரே கைக்குள் அந்தச் சோதனை தானாக நடந்துவிட்டது!

நோயாளிக்கு 42 வயது, 37 ஆண்டாக டைப் 1. முன்கைத் தசையில் 17 ஊசிகளாகச் செல்களைச் செலுத்தினார்கள், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எதுவும் தரவில்லை. 12 வாரம் கழித்தும் அவர் ரத்தத்தில் சி-பெப்டைட் இருந்தது. கணையச் செல் இன்சுலினைச் செய்யும்போது கூடவே பிறப்பது அது, நாம் போடும் ஊசி மருந்தில் கிடையாது. ஆக, செல்கள் உயிரோடு வேலை செய்கின்றன. ஆனால் கொடுத்த செல்களின் அளவு, முழுத் தேவையில் சுமார் 7 சதவீதம் மட்டுமே. அவர் இன்சுலினை நிறுத்தவில்லை.

இது ஒரே ஒருவரிடம் செய்த பாதுகாப்புச் சோதனை. எதிர்ப்பாற்றலின் கண்ணில் படாத செல் பிற்காலத்தில் புற்றாக மாறினால் உடம்பு அதை எப்படிக் கவனிக்கும் என்ற கேள்வியும் இருக்கிறது. அப்படி ஏதாவது ஆனால் செல்களை வெளியே எடுக்கவும், அதுவரை கண்காணிக்கவும் கை வசதியான இடம்.

வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய திட்டுகளும் வருகின்றன. 2025-இல் வெளியான ஓர் ஆய்வில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு முடிவில் இன்சுலின் தேவைப்படவில்லை. அதற்கும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் அந்த மாத்திரைகள் வேண்டும்.

சரி, உங்கள் கிளினிக். ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விதிப்படி ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு மட்டுமே ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. சர்க்கரை நோய்க்கு என்றால் அது ஆராய்ச்சிதான். சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் அவர்களுடைய ஆய்வின் எண் என்ன என்று கேளுங்கள். பேச்சை மாற்றினால் கிளம்பிவிடுங்கள். ‘இன்சுலினை நிறுத்திப் பார்ப்போம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டைப் 1 குழந்தைக்கு ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

செலவு செய்யத்தான் வேண்டும் என்றால், தொடர்ந்து அளவு காட்டும் குளுக்கோஸ் சென்சார் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். மகளுக்கு நோய் வந்து ஆறு ஆண்டு ஆகிறது. விழித்திரைப் பரிசோதனையும் சிறுநீர் ஆல்புமின் பரிசோதனையும் இந்த ஆண்டு செய்தாயிற்றா?