கோப்பையின் அடிப்பக்கம்

அன்புள்ள ஐயா,

ஓவிய வகுப்பில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. கோடு, வட்டம், பெட்டி, உருளை என்று இதையே மாற்றி மாற்றிப் போடச் சொல்கிறார்கள். போன வாரம் ஒரு கோப்பையைப் பார்த்து வரையச் சொன்னார்கள். என்னுடையது அந்தரத்தில் தொங்குவது மாதிரி வந்தது. அழித்துத் திருத்தலாம் என்றால் ஆசிரியர் ரப்பரை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு வயது 43. கை வராது என்றால் இப்போதே விட்டுவிடலாமா? படத்தை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

படத்தை அனுப்பியது நல்லதாயிற்று. உங்கள் கைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, கோடெல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. ஆனால் கோப்பையின் வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை ஸ்கேல் வைத்தாற்போல் நேராக இழுத்துவிட்டீர்கள். கோப்பை மேசையில் தட்டையாக உட்காரும் என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்ததை வரைந்துவிட்டீர்கள். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அடியும் வளைவுதான். சொல்லப்போனால் வாயைவிட அடியில் வளைவு கூடுதல், அது கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால். ஒரு கண்ணாடி டம்ளரை மேசையில் வைத்து, மெல்லக் குனிந்துகொண்டே போய்ப் பாருங்கள். வாய் கண்மட்டத்துக்கு வரும்போது நீள்வட்டம் ஒடுங்கி ஒரே கோடாகிவிடும். அடி அப்போதும் வளைந்தே இருக்கும். உருளையை அத்தனை முறை போடச் சொன்னது இதற்காகத்தான்.

முகத்திலும் இதே கதை. கண்கள் ஏறக்குறைய தலையின் பாதி உயரத்தில் இருக்கின்றன. முடிக்குள் மறைந்திருக்கும் மண்டையை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாததால், ஆரம்பத்தில் எல்லோரும் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். நானும் ஒரு வருடம் மண்டையில்லாத மனிதர்களாக வரைந்து தள்ளியவன்.

நாற்காலி வரையும்போது கால்களை மறந்துவிட்டு, அவற்றுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தைப் போட்டுப் பாருங்கள். அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. அதனால் 'நாற்காலிக் கால் இப்படித்தான் இருக்கும்' என்று மனசு குறுக்கே பேசாது.

ரப்பர் விஷயத்தில் நான் உங்கள் ஆசிரியர் பக்கம். தப்பான கோட்டை அழித்துவிட்டால், அடுத்த கோட்டை எதைப் பார்த்துத் திருத்துவீர்கள்? லேசாகப் போடுங்கள், பக்கத்திலேயே சரியானதைப் போடுங்கள். ஷேடிங் வந்தபிறகு ரப்பர் தானாகத் திரும்பி வரும். இருட்டிலிருந்து வெளிச்சத்தை எடுக்க அதுவும் ஒரு பென்சில்தான்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் நிழல் வெளுத்துக் கிடக்கிறது. முழுதும் எச்பி பென்சிலிலேயே போட்டீர்கள் போலிருக்கிறது. 1795-இல் கோன்டே என்ற பிரெஞ்சுக்காரர் கிராஃபைட் பொடியோடு களிமண் கலந்து பென்சில் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் கடினம், வெளிர்ப்பு. அது எச் பக்கம். கிராஃபைட் கூடினால் மென்மை, கறுப்பு. அது பி பக்கம். ஒரு 4பி வாங்கிக்கொள்ளுங்கள்.

விடுவதைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அதே கோப்பையை இரண்டு உயரத்தில் வைத்து வரைந்து அனுப்புங்கள். பழைய படத்தைக் கிழித்துவிடாதீர்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.