களப்பணிப் பட்டியலைக் கேளுங்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் முதுகலைச் சமூகப்பணி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறையின் வாசலில் 'பன்மையைப் போற்றுவோம், எவரையும் விலக்கோம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆனால் களப்பணிக்கு இடம் ஒதுக்கும்போது, ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களுக்குப் பெரிய மருத்துவமனைகளும் கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பிரிவுகளும் கிடைக்கின்றன. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எங்களில் பலரை, 'அந்த மக்களோடு பழகுவது உங்களுக்குச் சுலபம்' என்று சொல்லிக் குடிசைப் பகுதிகளுக்கே அனுப்புகிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் என் தோழிக்கு இரண்டு பருவமாக ஒரு தொண்டு நிறுவன அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலைதான். பேராசிரியர்கள் கெட்டவர்கள் அல்லர்; சிலர் எங்களிடம் மிகுந்த அன்பு காட்டுகிறார்கள். அப்படியிருக்க, நிறுவனத்தைப் பொறுப்பாக்குவது சரியா, ஆசிரியர்களின் மனச்சான்றை நம்பி விட்டுவிடுவதா?

(பெயரைத் தவிர்க்கக் கேட்டிருக்கிறார்)

அன்புள்ள மாணவிக்கு,

நிறுவனத்தைத்தான் பொறுப்பாக்க வேண்டும். நல்ல ஆசிரியர்கள் இருந்தும் இது நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுதான் காரணம். ஒவ்வொருவரும் தமக்கு நியாயமாகப் படும் ஏதோவொரு காரணத்துக்காக ஒரு மாணவரை ஓரிடத்துக்கு அனுப்புகிறார். பத்தாண்டுப் பட்டியலை எடுத்து வைத்துப் பார்க்கும் கடமை எவருக்கும் இல்லாததால், அந்த முடிவுகள் ஒன்றுசேர்ந்து சாதியாகவும் வர்க்கமாகவும் திரள்வது யார் கண்ணிலும் படுவதில்லை.

மற்றப் படிப்புகளில் வகுப்பறைக்கு இருக்கும் இடம் சமூகப்பணியில் களப்பணிக்கு இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் ஏஜென்சியில், அதாவது களப்பணிக்காக அனுப்பப்படும் அமைப்பில், கழிகிறது. மேற்பார்வையாளருடனான தனிநபர் கலந்தாய்வும், களப்பணி அறிக்கையும், வாய்மொழித் தேர்வும் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கின்றன. முதல் வேலைக்கான பரிந்துரையும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. எனவே இட ஒதுக்கீட்டில் உள்ளே வந்த மாணவர், களப்பணி ஒதுக்கீட்டில் மறுபடி வெளியே நிறுத்தப்படலாம். 'உங்களுக்குச் சுலபம்' என்ற சொல் பாராட்டுப் போலக் கேட்டாலும், பிறந்த இடத்தையே ஒருவரின் தகுதியாக்கி அவரை அங்கேயே நிறுத்திவிடுகிறது. மனநலப் பிரிவில் நோயாளியின் குடும்பத்தோடு பேசப் பழகும் வாய்ப்பை அவர் இழக்கிறார். சேரிக்குள் ஒரு நாளும் கால் வைக்காத இன்னொரு மாணவர் அதே பட்டத்தைப் பெற்றுக்கொண்டு போகிறார். இரண்டாவது இழப்பும் எனக்குச் சிறியதாகத் தோன்றவில்லை.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936இல், கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மதப்பணியாளரை இயக்குநராகக் கொண்டு பம்பாயில், இன்று டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று அழைக்கப்படும் கல்விக்கூடமாகத் தொடங்கியது. அதே 1936இல் அதே நகரத்தில் அம்பேத்கர், லாகூரில் பேசவிடாமல் தடுக்கப்பட்ட தம் சாதி ஒழிப்பு உரையைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். அன்று முதல் இன்றுவரை செவிலியர்க்கும் வழக்கறிஞர்க்கும் இருப்பது போன்ற சட்டபூர்வமான தேசியக் கவுன்சில் சமூகப்பணிக்கெனத் தனியே அமையவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் சம வாய்ப்பு மையத்தையும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரையும் கட்டாயமாக்கின. அவை நடைமுறைக்கு வரவில்லை என்று சொல்லி, சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொல்லப்பட்டு, உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்களான ரோஹித் வெமுலா, பாயல் தட்வி ஆகியோரின் தாய்மார்கள் 2019இல் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. உயர்கல்வியின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' அமைப்பின் ஆய்வுக்காகக் கல்லூரிகள் சாய்தளத்தையும் கைப்பிடியையும் இடக்குறியோடு படமெடுத்துக் கோப்பில் சேர்க்கின்றன. அந்தச் சாய்தளத்தில் ஏறி வந்த மாணவி எங்கே களப்பணி செய்தார் என்று கேட்கும் பத்தி அந்தக் கோப்பில் இருந்தால் உங்கள் தோழியின் நிலை வேறாக இருந்திருக்கும். பணமும் இதில் சேர்ந்ததுதான்: பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டதை எதிர்த்து 2018 பிப்ரவரியில் டாடா நிறுவன மாணவர்கள் நான்கு வளாகங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சமூகநீதியைப் பாடமாக நடத்தும் இடத்திலேயே அது நடந்தது.

அமெரிக்காவில் அங்கீகாரம் வழங்கும் சமூகப்பணிக் கல்விக் கவுன்சில் உண்டு. பாடத்தோடு நில்லாமல், மாணவர் சேர்க்கை, ஆசிரியர் நியமனம், நிறுவனச் சூழல் ஆகியவற்றையும் 'உள்ளுறை பாடத்திட்டம்' என்ற பெயரில் அது ஆராய்கிறது. அதுவும் போதவில்லை. சமூகப்பணியாளராகப் பணியாற்றுவதற்கான உரிமத் தேர்வை நடத்தும் வாரியங்களின் சங்கம் 2022 ஆகஸ்டில் இனவாரியான தேர்ச்சி விவரங்களை வெளியிட்டபோது, மனநலச் சிகிச்சைப் பணிக்கான மருத்துவநிலைத் தேர்வை முதல் முறை எழுதிய வெள்ளையரில் சுமார் 84 விழுக்காட்டினரும் கறுப்பினத்தவரில் சுமார் 45 விழுக்காட்டினரும் தேர்ச்சி பெற்றிருந்தது தெரியவந்தது. குறை தேர்விலா பயிற்சியிலா என்ற சண்டை உடனே மூண்டது. சமூகப்பணியாளர்களின் தொழில்முறைச் சங்கம் 2023இல் அத்தேர்வுகளையே எதிர்த்தது. யார் சொன்னது சரி என்பது வேறு விவாதம். எண் வெளியே வந்த பிறகு எவராலும் அதைத் தனி மாணவரின் குறை என்று தள்ளிவிட முடியவில்லை என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது பட்டியலைத்தான். கடந்த ஐந்தாண்டுகளில் எந்தப் பிரிவைச் சேர்ந்த எத்தனை மாணவர்கள் எந்த வகை ஏஜென்சிக்கு அனுப்பப்பட்டார்கள், படிப்பை இடையில் விட்டவர்கள் எத்தனை பேர், ஒதுக்கீட்டு முடிவை எதிர்த்து முறையிட வழி என்ன என்று பெயர்கள் இல்லாமல், எழுத்து மூலமாக, சம வாய்ப்பு மையத்திடம் கேளுங்கள். பதில் வராவிட்டால், கணிசமான அரசு நிதி பெறும் கல்லூரி தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். தனியாகக் கையெழுத்திடாதீர்கள், உள் மதிப்பெண் அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் தோழியின் நிலையை மனுவில் எழுதும் முன் அவரிடம் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அவருக்குத் தனியாக முறையிடும் வழியைத் தருகிறது. அதைப் பயன்படுத்துவதா, எப்போது பயன்படுத்துவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.