எஸ்ஸென் விளையாட்டுச் சந்தை: எந்த மேசையில் உட்காருவது?

கேள்வி: அக்டோபரில் ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் நடக்கும் ‘ஷ்பீல்’ போர்டு கேம் சந்தைக்கு முதல் தடவையாகப் போகிறோம். பத்து வயது மகளோடு சேர்த்து நான்கு பேர். ஒரு நாள்தான் முடியும். எத்தனை விளையாட்டை ஆடிப் பார்க்கலாம்?
- வாசகி, டோர்ட்முண்ட்

நான்கு. கூட்டம் இல்லாவிட்டால் ஐந்து. பெட்டியில் ‘45 நிமிடம்’ என்று இருந்தால், விதி விளக்கத்துக்கு 15 நிமிடமும் மேசைக்காகக் காத்திருக்க அரை மணியும் சேருங்கள். ஒன்றரை மணி நேரம் போய்விடும். 1983இல் தொடங்கிய இந்தச் சந்தைக்கு, 2024இல் நான்கு நாளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். வியாழக்கிழமையே போக முடிந்தால் போங்கள், சனியைத் தவிருங்கள். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். எஸ்ஸென் பெரிய ரயில் நிலையத்திலிருந்து யூ11 நகர ரயிலில் ஏறினால் சந்தை வளாகத்தின் வாசலிலேயே இறங்கலாம்.

பட்டியலில் எட்டு பெயர் இருக்கட்டும்; அதில் கட்டாயம் ஆட வேண்டியவை இரண்டே. கதவு திறந்ததும் அந்த இரண்டுக்கும் நேரே போய்விடுங்கள். சில பதிப்பாளர்களின் அரங்குகளில் நேரம் குறித்துக் கொடுப்பார்கள், கேட்டால்தான் தெரியும். மற்ற மேசைகளில் விளக்குபவரிடம் “இன்னும் எத்தனை சுற்று பாக்கி?” என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு என்றால் நில்லுங்கள். இப்போதுதான் விதி சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்றால் அடுத்த அரங்குக்கு நடையைக் கட்டுங்கள். நால்வருக்கும் சேர்ந்து இடம் கிடைப்பதுதான் கஷ்டம். இருவர் ஆட, இருவர் பின்னால் நின்று பார்த்தாலும் பாதி விஷயம் பிடிபடும்.

கேள்வி: சந்தையில் ஆடும்போது பிரமாதமாக இருந்தது. வாங்கி வந்து வீட்டில் ஆடினால் சப்பென்று இருக்கிறது. ஏன்?
- வாசகர், பாரிஸ்

பெரும்பாலும் நீங்கள் அங்கே ஆடியது முழு ஆட்டமாக இருக்காது. அடுத்த கூட்டம் காத்திருப்பதால் இரண்டு சுற்றோடு நிறுத்திவிடுவார்கள். பல விளையாட்டுகளின் குணம் கடைசியில்தான் தெரியும்.

2018இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த விளையாட்டு’ விருது பெற்ற ‘அஸூல்’ இதற்கு நல்ல உதாரணம். நடுவில் உள்ள தட்டுகளிலிருந்து வண்ண ஓடுகளை எடுத்து, அவரவர் பலகையில் உள்ள ஐந்துக்கு ஐந்து கட்டச் ‘சுவரில்’ பதிக்கும் விளையாட்டு அது. ஒருவர் தன் சுவரில் ஒரு கிடைவரிசையை முடித்தால், அந்தச் சுற்றோடு ஆட்டம் முடியும். ஒரு வரிசையில் சுற்றுக்கு ஒரு ஓடுதான் ஏறும் என்பதால், குறைந்தது ஐந்து சுற்று ஆகும். நெடுவரிசை முடித்தால் 7 புள்ளி, ஒரே நிறத்தில் ஐந்தும் வைத்தால் 10 புள்ளி. இரண்டும் இறுதிக் கணக்கில்தான் வரும். இரண்டாவது சுற்றில் எழுந்து போனவருக்கு அது அழகான ஓடு பொறுக்கும் விளையாட்டாக மட்டுமே தெரியும். ஆகவே விளக்குபவரிடம் “எப்போது முடியும், கடைசியில் எதற்குப் புள்ளி?” என்பதை முதலிலேயே கேளுங்கள். முடிந்தால், பக்கத்து மேசையில் முடியப்போகும் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள்.

இன்னொரு காரணம் ஆள் எண்ணிக்கை. அதே அஸூலில் நால்வர் ஆடினால் சுற்றுக்கு ஒன்பது தட்டில் 36 ஓடு. இருவர் என்றால் ஐந்து தட்டில் 20 மட்டும். இருவர் ஆட்டத்தில் எதிராளிக்கு என்ன மிஞ்சும் என்று எண்ணியே எடுக்கலாம், நால்வர் ஆட்டத்தில் அந்தக் கணக்கு நிற்காது. வீட்டில் எத்தனை பேர் ஆடுவீர்களோ அத்தனை பேராக உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். காத்திருக்கும் நேரத்தையும் கவனியுங்கள்: ஒருவர் மூன்று நிமிடம் யோசித்தால், நால்வர் ஆட்டத்தில் உங்கள் முறை திரும்பி வர ஒன்பது நிமிடம். சந்தையின் உற்சாகத்தில் அது உறைக்காது, ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் உறைக்கும்.

பகடை விளையாட்டு என்றால் ஒரே ஆட்டத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு பகடையின் கூட்டுத்தொகையை வைத்து ஆடும் ‘கட்டான்’ ஆட்டத்தில் 6க்கும் 8க்கும் தலா 36இல் 5 வாய்ப்பு, 2க்கும் 12க்கும் தலா 1. அரை மணி நேரத்தில் 12 மூன்று தடவை விழுந்தால் விளையாட்டைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: ஜெர்மன் பதிப்பை வாங்கலாமா? வீட்டில் யாருக்கும் ஜெர்மன் தெரியாது.
- வாசகி, லண்டன்

காயிலும் அட்டையிலும் எழுத்து இல்லையென்றால் தயங்காமல் வாங்கலாம். விதிப் புத்தகம் பெரும்பாலும் பதிப்பாளரின் இணையதளத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கும். ‘விங்ஸ்பேன்’ போல 170 பறவை அட்டைகளில் பலவற்றில் வாசகம் இருக்கும் விளையாட்டு என்றால் வேண்டவே வேண்டாம். பணம் கொடுக்குமுன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரே அரங்கில் இரண்டு மொழிப் பெட்டியும் அடுக்கியிருப்பார்கள்.

கேள்வி: காய் குறைந்தால் என்ன செய்வது?
- வாசகர், சூரிச்

அன்றிரவே எண்ணிவிடுங்கள். விதிப் புத்தகத்தின் முதல் பக்கங்களில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். சில பெட்டிகளில் உபரியும் இருக்கும்: ‘டிக்கெட் டு ரைட்’டில் ஆளுக்கு 45 ரயில் பெட்டிக் காய்கள், நிறத்துக்கு 3 கூடுதல். குறைந்தால் மறுநாள் ரசீதோடு அதே அரங்குக்குப் போங்கள். சந்தை முடிந்துவிட்டால் பதிப்பாளருக்குப் படத்தோடு எழுதுங்கள். அட்டைத் தகட்டிலிருந்து காய்களைப் பிய்த்ததும் காலித் தகட்டை எறிந்துவிடாதீர்கள். சிறு வில்லைகள் அதன் மூலையிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும், ‘காணாமல் போன’ காய்களில் பாதி அங்கேதான் இருக்கும்.