சொட்டு நீர் போட்டால் மட்டும் தண்ணீர் மிஞ்சிவிடுமா?

கேள்வி: தொழில்நுட்பமும் விவசாயத்தில் வரும் புதுமைகளும் சுற்றுச்சூழலையும் காப்பாற்றி, ஊரையும் முன்னேற்றுமா?

முன்னேற்றும். ஆனால் கருவியை ஆளாளுக்குத் தனித்தனியாகக் கொடுத்துவிட்டு, நிலத்தடியில் இருக்கும் தண்ணீரின் கணக்கை யாருமே பார்க்காமல் விட்டால் நடக்காது. நான் ஆந்திராவின் குப்பம் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, கொஞ்ச தூரம் போனால் கன்னடம். எந்த மொழியில் பேசினாலும் விவசாயி முதலில் கேட்பது, "போர்ல தண்ணி எவ்வளவு வருது?" என்பதுதான்.

1990களில் இஸ்ரேல் தொழில்நுட்பத்தை வைத்துக் குப்பத்தில் ஒரு மாதிரிப் பண்ணைத் திட்டம் வந்தது. சிறு நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, சொட்டு நீர்க் குழாய் போட்டு, உரத்தையும் தண்ணீரோடு கலந்து விட்டார்கள். 2003இல் சொட்டு நீரும் தெளிப்பு நீரும் சேர்ந்த நுண்ணீர்ப் பாசனம் மாநிலத் திட்டமாகவே ஆனது. மானியமும் தாராளமாகக் கிடைத்தது. தக்காளிக்கும் மல்பெரிக்கும் சொட்டு நீர் நல்லதுதான். களை குறையும், கூலி குறையும், விளைச்சல் கூடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் அப்புறம்தான் வருகிறது. ஒரு ஏக்கருக்குப் பாய்ந்த தண்ணீரை இரண்டு ஏக்கருக்குப் பாய்ச்சலாம் என்று தெரிந்தால், எந்த விவசாயியும் இரண்டு ஏக்கர் வைப்பார். அது பேராசை இல்லை, பிழைப்பு. ஆனால் பூமியிலிருந்து எடுக்கும் தண்ணீர் குறைவதில்லை. முன்பு வாய்க்காலில் பாய்ச்சியபோது ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே திரும்ப இறங்கியது. இப்போது அதையும் பயிர் குடித்துவிடுகிறது. 2004இலிருந்து விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால், மோட்டாரைத் தானியங்கி ஸ்டார்ட்டரில் போட்டுவிட்டால் கரண்டு வரும்போதெல்லாம் ஓடும். எங்கள் பூமி கருங்கல் பூமி. மேலே மக்கிய பாறை, கீழே வெடிப்புகள், அவ்வளவுதான் தண்ணீர் நிற்க இடம். ஆயிரம் அடி இறக்கினாலும் புதுத் தண்ணீர் பிறக்காது.

இதற்கு நல்ல பதில் எங்கள் பக்கத்திலேயே இருந்தது. குப்பம் இருக்கும் சித்தூர் உட்பட 7 வறண்ட மாவட்டங்களில், ஐநாவின் உணவு வேளாண் அமைப்பின் உதவியோடு, விவசாயிகளே நிலத்தடி நீரை நிர்வகிக்கும் ஒரு திட்டம் 2003 முதல் சில ஆண்டுகள் நடந்தது. ஊரில் மழைமானி வைத்தார்கள். கிணற்றிலும் போரிலும் நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று விவசாயிகளே, பெண்களும் சேர்ந்து, அளந்தார்கள். டிரம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து மோட்டார் தள்ளும் தண்ணீரைக் கணக்கிட்டார்கள். எல்லாவற்றையும் ஊர்ச் சுவரில் எழுதிவைத்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் கூடி உட்கார்ந்து, இருக்கும் தண்ணீருக்கு எந்தப் பயிர் தாங்கும் என்று பேசினார்கள்.

அந்தக் கணக்கு யாருக்கும் புரியும். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தேவை என்று வைத்தால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர்; வேர்க்கடலைக்கு 500 என்றால் 20 லட்சம்தான். இதைச் சுவரில் பார்த்தவருக்கு யாரும் புத்தி சொல்லத் தேவையில்லை. பயிரை மாற்று என்று அங்கே யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. நெல்லைக் குறைத்தவர்கள் தாங்களாகவே குறைத்தார்கள். வருமானம் கெடாமலே தண்ணீர்ச் செலவு குறைந்ததை 2010இல் உலக வங்கி வெளியிட்ட நிலத்தடி நீர் அறிக்கையும் எடுத்துச் சொன்னது. திட்டக் காலம் முடிந்ததும் பல ஊர்களில் அளப்பது நின்றுபோனது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

2016இலிருந்து ஆந்திராவில் பரவும் இயற்கை விவசாயத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். கோடையிலேயே, மழைக்கு முன், பலவகை விதைகளுக்கு மண்ணும் சாணமும் பூசிக் காய்ந்த நிலத்தில் விதைத்து, மேலே இலைதழையால் மூடாக்குப் போடுகிறார்கள். நிலம் வெயிலில் வெறுமனே கிடப்பதில்லை. பெய்கிற மழையும் ஓடிப்போகாமல் இறங்குகிறது. போர்க்கிணறு உறிஞ்சும் தண்ணீரை மட்டும் பேசினால் போதாது, மண் வாங்குவதையும் பேச வேண்டும்.

சென்சார், செயலி எல்லாம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது காட்டும் எண் ஒருவர் போனுக்குள்ளேயே கிடக்கக் கூடாது, ஊர் முழுக்கத் தெரிய வேண்டும். சொட்டு நீர் மானியத்தையும் அளந்து எழுதிவைக்கும் ஊர்களுக்கு முதலில் கொடுக்கலாம். உங்கள் ஊரில் தொடங்க ஒரு மழைமானி, ஒரு அளவு நாடா, பொறுப்பான நான்கைந்து பேர் போதும். கணக்கை மட்டும் அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு எல்லோரும் நாற்றுக்கு முன்பணம் கொடுத்திருப்பார்கள்.